அம்பு நிற்கும் இடத்தில் எழுத்து விழும்

“நடுக்கடல்ல தோணிக்குப் பாய் மாத்துத கதையால்லா இருக்கு நீ சொல்லுதது. கரைக்கு வராம எவனாவது பாய மாத்துவானாளா?”

எங்கள் மேலாளர் இதைக் கேட்டபோது, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் தாத்தா காலத்துத் தோணி ஒன்று பாய்களை விரித்துக்கொண்டு நின்றது. பழைய துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்தபோது எடுத்த படம். அவர் அந்தத் தோணியில் ஏறியதும் படம் எடுத்த அன்று ஒருநாள்தான் என்று விருந்தாளிகளிடம் அவரே பெருமையாகச் சொல்லுவார். என் அப்பா அப்படிப்பட்ட தோணிகளில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த ஆள். காற்று திரும்பினால் பாயை அங்கேயே இறக்கி வேறு பாயை ஏற்றுவார்கள். கரையில் கட்டிக்கிடக்கும் தோணிக்குப் பாயை மாற்றி என்ன காணப்போகிறார்கள்?

“காத்து கடல்லதான சார் மாறும்” என்றேன்.

அவர் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பதில் இல்லாத நேரங்களில் அவருக்கு எப்போதும் யாரிடமிருந்தாவது அழைப்பு வந்துவிடும், மணி அடிக்காமலே.

நான் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. துறைமுகத்துக்குப் போய்வரும் சரக்கை வைக்கும் எங்கள் யார்டில் லாரிகளை எடைபோடும் வேபிரிட்ஜ் அறையில் ஒரு கணினி இருக்கிறது. அதில் ஓடும் ஒரேயொரு புரோகிராமை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைப் போட அனுமதி கேட்டேன். எடைச் சீட்டில் தப்பு வருவது நிற்காவிட்டால் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

அக்கா முத்தையாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவள். இந்த நாற்காலிக்கு முன்னால் உப்பளத்தில் வருஷக்கணக்காக வெயிலில் நின்றவள். கணினியில் எண்களை அடிக்கத் தானாகவே பழகிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். “நாற்காலி போனா திரும்ப அளத்துக்குத்தான் போவணும்” என்று சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு டப்பாவில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

நான் அந்த யார்டின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள். புன்னைக்காயல்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, கல்லூரிக்கும் போய் வந்த முதல் ஆள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. சொல்லாமல் இருப்பதுதான் அடக்கம் என்று எனக்குச் சொல்லித்தந்தவர்கள் எல்லோருமே அப்பா அம்மா படித்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். மேலாளர் ஆண்களைத் தம்பி என்பார். என்னை ஏளா என்பார். சம்பளப் பட்டியலில் என் பதவி ‘சிஸ்டம்ஸ்’ என்று போட்டிருந்தது. அவர் கணக்கில் அதற்கு அர்த்தம், காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து எல்லாக் கணினியின் பித்தானையும் அமுக்குகிறவள் என்பது.

அந்த வேபிரிட்ஜ் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போதுள்ள கணினிகளைப் பார்த்துப் பழகியவர்கள் அதை இயக்கினால் கெட்டுப்போனது என்றே நினைப்பார்கள். திரை முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள். கீழே பட்டை இல்லை, மூலையில் கடிகாரம் இல்லை, படங்கள் இல்லை. வெற்றிடத்தில் அமுக்கினால் ஒரு சின்னப் பட்டியல் வரும். எடை இயந்திரத்தோடு பேசும் புரோகிராம் மிகப் பழையது. அதை எழுதிக் கொடுத்த சென்னைக் கம்பெனிக்காரர்கள் அதைத் தொடவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். அதனால் அந்தப் புரோகிராமோடு சேர்ந்து அந்தக் காலத்துத் திரையும் அப்படியே நின்றுவிட்டது.

இந்த வகைக் கணினிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. திரையில் தெரியும் ஜன்னல்களுக்குச் சட்டம் போடுவது, நகர்த்துவது, அடிக்கும் எழுத்து எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது எல்லாம் தனியாக ஒரு புரோகிராமின் வேலை. விண்டோ மேனேஜர் என்பார்கள். ஜன்னலுக்குள்ளே நடக்கும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிடிக்காவிட்டால் அதை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம்.

கல்லூரியில் இதில் பைத்தியமாய்த் திரிந்த சீனியர்கள் சிலர் இருந்தார்கள். வாரத்துக்கொரு விண்டோ மேனேஜர். சட்டத்தின் முனை வளைந்திருக்க வேண்டுமா கூராக இருக்க வேண்டுமா என்று டீக்கடையில் சண்டை போடுவார்கள். இரண்டு நாள் மெனக்கெட்டு ஜோடித்துத் திரையைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். அந்தப் படத்தில் ஜன்னல்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒன்றில் கடிகாரம் இருக்கும், இன்னொன்றில் அந்தக் கணினியின் பெயர் இருக்கும். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாதவர்கள் வீட்டுக்கு ஜன்னல் வைத்துக்கொண்டே இருந்த மாதிரி. நான் கேட்டபோது, “இதெல்லாம் ஒனக்கு எதுக்கு, பரீட்சைக்கு வராது” என்றார்கள். லேபில் ஒதுக்கிப்போட்ட கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றிப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். பரீட்சைக்கு வரவில்லைதான். வேபிரிட்ஜுக்கு வந்தது.

அங்கே நடந்த தப்பு இதுதான். அறைக்கு இந்தப் பக்கம் உள்ளே வரும் லாரிக்கு ஒரு மேடை, அந்தப் பக்கம் வெளியே போகும் லாரிக்கு ஒரு மேடை. திரையிலும் அதே மாதிரி இரண்டு ஜன்னல்கள் பக்கம் பக்கமாக இருக்கும். உள்ளே வரும் வண்டியின் எண் சில சமயம் வெளியே போகும் வண்டியின் சீட்டில் ஏறிவிடும். டிரைவர்கள் கெட்ட வார்த்தையோடு திரும்பி வருவார்கள். ஏற்றுமதிச் சரக்கு என்றால் துறைமுக வாசல்வரை போய்த் திருப்பி அனுப்பப்பட்டு வரும்.

மேலாளர் முதலில் அக்காவைக் கண்ணாடி போடச் சொன்னார். போட்டாள். பிறகு ‘கவனமாக டைப் செய்யவும்’ என்று அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். பிறகு தன் மச்சினன் மகன் ஒருவன் இன்ஜினியரிங் முடித்துச் சும்மா இருப்பதாக அடிக்கடி பேச ஆரம்பித்தார்.

நான் ஒரு காலை முழுக்க அந்த அறையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே நிலக்கரி லாரிகள் போகும் ரோடு, பின்னால் உப்பளம். கரித்தூளும் உப்புக்காற்றும் சேர்ந்து மவுஸைத் தின்றுவிடும் என்று அங்கே எல்லோரும் மவுஸைப் பாலித்தீன் பைக்குள் போட்டு, வாயைத் தங்கூசியால் கட்டிவைத்துத்தான் பயன்படுத்துவார்கள். வலைக்குப் போடும் அதே நைலான் நரம்புதான். ஊருக்கே அதுதான் பழக்கம். பையோடு சேர்ந்த மவுஸ் மேசையில் வழுக்கிக்கொண்டு கிடக்கும். பாரம் ஏற்றிய லாரி மேடையில் ஏறும்போது அறை அதிரும், மேசை அதிரும், மவுஸ் மெல்ல நகரும். திரையில் அம்புக்குறி பக்கத்து ஜன்னலுக்குள் போய்விடும்.

அந்தப் பழைய விண்டோ மேனேஜரின் விதி ஒன்றே ஒன்றுதான்: அம்பு எங்கே நிற்கிறதோ அங்கே எழுத்து விழும். அமுக்க வேண்டாம், கேட்க வேண்டாம். அக்கா மற்ற டைப்பிஸ்டுகளைப் போலக் காகிதத்தைப் பார்த்து அடிப்பவள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாதி எண் அடுத்த வீட்டில் இருக்கும்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். “அப்ப மவுஸக் கட்டிப் போடு” என்றார்.

“ஏற்கெனவே கட்டித்தான் சார் போட்டிருக்கு.”

“அசையாமக் கட்டு.”

மவுஸை அசையாமல் கட்டிப் போட்டால் அக்கா அடுத்த ஜன்னலுக்கு எப்படிப் போவாள் என்று நான் கேட்கவில்லை. சில யோசனைகளுக்குப் பதில் சொல்வது அவற்றுக்கு மரியாதை கொடுப்பதாகிவிடும்.

விண்டோ மேனேஜரை மாற்றலாம் என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன். “ஆபீஸ்ல ஒரு மேனேஜர் இருக்கது போதாதாக்கும்” என்று சிரித்துவிட்டு, சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அங்கே பேசியவர் என்னை மேடம் மேடம் என்று கூப்பிட்டே கொன்றார். “மேடம், அது சிஸ்டத்தோட பார்ட், தனியா ரிமூவ் பண்ண முடியாது மேடம். ஃபுல் அப்கிரேடுதான் போகணும் மேடம். எங்க ஆள் ஒருத்தர் அங்க ட்ரை பண்ணி என்னாச்சுன்னு சாரைக் கேளுங்க மேடம்.”

என்னாச்சு என்று யார்டில் எல்லோருக்கும் தெரியும். நான் வருவதற்கு முன்னால் நடந்தது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் அந்த விண்டோ மேனேஜரை நிறுத்திப் பார்த்திருக்கிறார். மறுகணம் திரை முழுக்க இருட்டு. எடை புரோகிராமும் சேர்ந்து செத்துப்போனது. லாரிகள் பைபாஸ் வரைக்கும் நின்றன. அன்று முதல் அந்தக் கணினிக்கு ஒரு தெய்வாம்சம் வந்துவிட்டது. அதன் தலையில் ஆயுத பூஜைச் சந்தனப்பொட்டும் உண்டு, மாதா படமும் உண்டு. இரண்டு மதத்தாரும் ஒற்றுமையாகப் பயந்தார்கள்.

எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல் வந்தது. விண்டோ மேனேஜர் செத்தால் ஜன்னல்கள் சாகக் கூடாது. சாகிறதென்றால் யாரோ சாகும்படி எழுதியிருக்கிறார்கள். கணினியை இயக்கியதும் திரை எழும்ப, எதை எதை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதைத் திறந்து பார்த்தேன். கடைசி வரியில் எந்தப் புரோகிராம் இருக்கிறதோ, அது முடிந்தால் திரையே முடிந்துவிடும் என்பது அந்தக் கோப்பின் விதி. கடைசி வரியில் விண்டோ மேனேஜரை வைத்திருந்தார்கள். எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி, கயிற்றின் முனையை வாட்ச்மேன் காலில் கட்டியது போல. வாட்ச்மேன் விழுந்தார், வீடே விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு வாட்ச்மேனை மாற்றவே முடியாது என்று சென்னைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார் அந்தப் படித்த மனிதர். கயிற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி வரியில் எடை புரோகிராமை வைத்துவிட்டு விண்டோ மேனேஜரை அதற்கு மேலே ஏற்றினால் போதும். கணினி அந்தக் கோப்பைப் படிப்பது இயக்கும்போது மட்டும்தான் என்பதால், காலையில் இயக்குவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.

எதைப் போடுவது என்பதுதான் மீதி. உதிரியாகக் கிடந்த கணினி ஒன்றை அக்கா மேசைக்குப் பக்கத்தில் வைத்து, லாரி வராத நேரங்களில் அவளை உட்கார வைத்துப் பார்த்தேன்.

முதலில் போட்டது, சீனியர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடியது. மவுஸே வேண்டாம், எல்லாம் விரல் நுனியில். அக்கா ஒரு விசையை அமுக்கிக்கொண்டே இன்னொன்றை அமுக்கி, இரண்டு ஜன்னலையும் இடம் மாற்றிவிட்டாள். “ஏளா, உள்ள வாரது வெளிய போயிட்டு” என்றாள். அதைக் கழற்றினேன்.

அடுத்தது பார்க்க அழகாக இருந்தது. அம்பு நகர்ந்தாலும் எழுத்து நகராது, அமுக்கினால்தான் மாறும். அக்காவும் தலையாட்டினாள். அப்புறம் முகத்தைச் சுளித்தாள். அமுக்கிய ஜன்னல் முன்னால் வந்து பக்கத்து ஜன்னலின் எடை எண்ணை ஓரத்தில் மறைத்துக்கொண்டிருந்தது. மேலே பெருக்கல் குறி வேறு. “இத அமுக்குனா என்னாவும்?” என்று கேட்டுக்கொண்டே அமுக்கினாள். ஜன்னல் போய்விட்டது.

“எனக்கு எதுக்குளா இது? நான் என்னைக்கு இத மூடப் போறேன்?”

நியாயமான கேள்வி. இந்த உலகத்தில் விண்டோ மேனேஜர் செய்கிறவர்கள் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் முந்தையதைவிட இன்னும் ஒரு பித்தானைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது பழையதுக்குக் கொஞ்சமே இளையது. சொன்னதை மட்டும் செய்யும். மூடும் குறியை எடுத்தேன். இழுத்து நகர்த்துவதை எடுத்தேன். முன்னால் பாய்வதை எடுத்தேன். இரண்டு ஜன்னலும் இடத்தில் நிற்கும். அமுக்கிய ஜன்னலுக்குச் சட்டம் சிவப்பாகும். அடுத்ததை அமுக்கும்வரை எழுத்து அதில்தான் விழும். சீனியர்கள் பார்த்தால் காறித் துப்புவார்கள். அக்கா பார்த்துவிட்டு, “இது போதும்ளா” என்றாள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் அனுமதி கேட்டு மறுபடி மேலாளர் அறைக்குப் போனேன். அன்று காலையிலும் ஒரு தப்புச் சீட்டு போயிருந்தது. காலையில் இயக்கும்போது ஒரு வரியை மாற்றி வைத்துவிட்டு, பிறகு வண்டிகளை நிறுத்தாமலே மாற்றுகிறேன் என்று சொன்னதற்குத்தான் அந்தத் தோணிப் பேச்சு. இல்லாத அழைப்பைப் பேசி முடித்துவிட்டுச் சொன்னார்:

“சரி, பண்ணு. ஒரு வண்டி நின்னுச்சுன்னா அவளோட சேந்து நீயும் பஸ் ஏறிருளா.”

மறுநாள் காலையில் கணினியை இயக்கும்போதே கடைசி வரியை மாற்றி வைத்துவிட்டேன். வரிசையாக வண்டிகள் வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து அவரை அழைத்தேன். வேடிக்கை பார்க்க இன்னும் சிலர் கதவில் வந்து நின்றார்கள். உள்ளே வரும் மேடையில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. எடை எண் மேலே போய்க்கொண்டிருந்தது. பழைய விண்டோ மேனேஜரை நிறுத்தினேன்.

இரண்டு ஜன்னல்களின் சட்டங்களும் மறைந்தன. தலைப்பு இல்லை, ஓரம் இல்லை. வெறும் இரண்டு வெள்ளைத் துண்டுகள் சாம்பல் திரையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

“போச்சு” என்றார் மேலாளர். பைபாஸ் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளைத் துண்டுக்குள் எடை எண் ஓடிக்கொண்டே இருந்தது. லாரியின் பின்சக்கரம் மேடையில் ஏறியது, எண் ஒரு துள்ளு துள்ளி நின்றது. சட்டம் போட்டவன் போய்விட்டான் என்பது எடைக்குத் தெரியவே இல்லை. புதியதை ஓட்டும் கட்டளையை அடித்தேன். இரண்டு ஜன்னலுக்கும் புதுச் சட்டம் வந்து உட்கார்ந்தது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார், வழக்கம் போல, சீட்டுக்காக.

“அடிங்க அக்கா” என்றேன். அவள் காகிதத்தைப் பார்த்து அடிக்கத் தொடங்கியதும் நான் வேண்டுமென்றே பாலித்தீன் மவுஸை மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். அம்பு பக்கத்து ஜன்னலுக்குள் போய் நின்றது. எழுத்து சிவப்புச் சட்டத்துக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள், அம்பைப் பார்த்தாள், மிச்ச எண்ணையும் அடித்து முடித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

“மவுஸு சரியாயிட்டு போல” என்றார் மேலாளர். அந்த வாரம் முதலாளியோடு நடந்த கூட்டத்திலும் மவுஸ் கோளாறைத் தாம் சரிசெய்துவிட்டதாகவே சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

மாதக் கடைசி வந்தது. தப்புச் சீட்டு ஒன்றுகூட இல்லை. அக்காவைப் போகச் சொல்லவும் காரணம் இல்லை, இருக்கச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. “பாப்போம்” என்றார். மச்சினன் மகனை அதற்குள் வரவழைத்துவிட்டதால், அவனை மெயின் கேட்டில் இருக்கும் எடை அறையில் உட்கார வைத்தார். அங்கேயும் இரண்டு மேடை, அதே கணினி, அதே புரோகிராம், அதே பாலித்தீன் பை. அங்கே அதுவரை வண்டி குறைவு என்பதால் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

“அந்த மெஷின்ல அந்த மேனேஜர எல்லாம் மாத்திட்டு நிக்காத” என்று என்னிடம் சொன்னார். “அங்க இருக்கது படிச்ச பிள்ள. அவன் நிதானமாப் பாத்து அடிப்பான். அவன் தேறிட்டாம்னா இங்கயும் அவனையே போட்டுரலாம்.”

அக்கா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் போன பிறகு மவுஸ் பையின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள். “படிச்ச பிள்ளைக்கு மேச ஆடாதாக்கும்” என்றாள்.

ஆடியது. கப்பல் ஒன்று வந்து மெயின் கேட்டில் வண்டி கூடிய அன்றைக்கே ஆடியது. வெளியே போகும் வண்டியின் சீட்டில் உள்ளே வந்த வண்டியின் எண். துறைமுக வாசலிலிருந்து திரும்பி வந்த டிரைவர் நேராக மேலாளர் அறைக்கே போய், “அண்ணாச்சி, ஒங்க ஆளுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்க” என்று சொன்னது வராந்தா முழுக்கக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மேலாளர் நாங்கள் இருந்த வேபிரிட்ஜ் அறைக்கு வந்தார். அவர் தானாக அங்கே வந்து நான் பார்த்ததில்லை. சுவரில் தான் ஒட்டிய அறிவிப்பைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“மேச ஆடுது போல அங்க” என்றார்.

“ஆமா சார்.”

“இங்க பண்ண மாதிரி அங்கயும் பண்ணிரு.”

“பண்ணலாம் சார். அக்காவ மாத்தப் போறதாச் சொன்னீங்களே. புதுசா வாரவருக்கு இதப் பழக்கணுமா?”

“யாரு மாத்தப் போறா? அவ பாட்டுக்கு இருக்கட்டும்ளா.” அக்காவின் பக்கம் திரும்பாமலேயே சொன்னார். அக்கா அப்போது ஒரு வண்டி எண்ணை அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்தும் தடுமாறவில்லை.

“மெயின் கேட்ட எப்ப நிப்பாட்டணும்? மத்தியானத்துக்கு மேல வண்டி கம்மி. காலைல மெஷினத் தொடங்கும்போது என்னமோ ஒரு வரிய மாத்தணும்னு சொன்னியே, அப்ப நாளைக்குத்தான் ஆவுமோ?” என்று அவரே கேட்டார்.

“நிப்பாட்ட வேண்டாம் சார். இப்பவே போறேன்” என்று எழுந்தேன்.

விண்டோ மேனேஜரை மாற்றாதே என்று அவர் சொன்னதை நான் மீறவில்லை. அந்தக் கணினியில் இன்னும் பழையதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து அதன் பித்தானை அமுக்குகிறவள் நான்தான். மச்சினன் மகனை அங்கே உட்கார வைத்ததற்கு அடுத்த நாள் காலையிலேயே அந்தக் கடைசி வரியை மாற்றி வைத்துவிட்டேன்.